புதிய பேரூராட்சி மன்றம் முதல் வருடம் எதைக் கையில் எடுக்க வேண்டும்?

"எங்கள் ஊர் 15 வார்டு பேரூராட்சி, சுமார் 12,000 பேர். அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கப்போகிறேன். ஜெயித்து வந்தால் முதல் வருடம் மன்றம் எதற்கு முன்னுரிமை தர வேண்டும்? பூங்கா, நுழைவு வளைவு, சமுதாயக் கூடம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பேரூராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து செயல் அலுவலராக, அதாவது பேரூராட்சி அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக, ஓய்வு பெற்றவன். ஐந்தாறு ஊர்களில் இருந்திருக்கிறேன், மன்றம் இருந்த காலமும் பார்த்தேன், 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மன்றமே இல்லாமல் தனி அலுவலரை வைத்து ஓட்டிய காலமும் பார்த்தேன். 2022 மார்ச்சில் பதவியேற்றவர்களில் பெரும்பாலானோர் புதியவர்கள், நடுவில் அஞ்சு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மூத்த கவுன்சிலரும் பல ஊர்களில் இல்லை. அவர்கள் காலம் 2027இல் முடிகிறது. அடுத்து வருகிறவர்களாவது கொஞ்சம் தெரிந்துகொண்டு வரட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வருடம் புதிதாக எதையும் கட்டாதீர்கள். ஏற்கெனவே இருப்பதை ஓட்டப் பழகுங்கள். பேரூராட்சியில் கட்டக் காசு வரும், ஓட்டக் காசு வராது. இது ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எப்படி என்று சொல்கிறேன். தொட்டி கட்ட, சாலை போட, குப்பை வண்டி வாங்க ஏதாவது ஒரு திட்டத்தில் பணம் கிடைத்துவிடும். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத், தூய்மை இந்தியா, நமக்கு நாமே என்று பெயர் மாறும், பணம் வரும். ஆனால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் கரண்ட் பில், வண்டிக்கு ரெண்டு வருடம் கழித்து மாற்ற வேண்டிய பேட்டரி, தெருவிளக்கு, சம்பளம் இதெல்லாம் மாநில நிதி ஆணைய மானியத்தையும் சொந்த வருமானத்தையும் நம்பித்தான் ஓடுகிறது. 2021-26க்கான மத்திய 15வது நிதி ஆணையம் சிறிய நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. மிச்சம் 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக்கூடாது என்றது. அப்போது ஒவ்வொரு புதுக் கட்டடமும் அடுத்த மாதத்திலிருந்து ஒரு புதுச் செலவு. திறப்பு விழா அன்று அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, முதலில் தண்ணீர்.

நீங்கள் பதவியேற்ற முதல் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் திறந்துவிடுகிற பணியாளருடன் போங்கள். அவர் கையில் நீளமான ஒரு டி சாவி இருக்கும். தெருமுனையில் மண்ணைத் தள்ளி, ஒரு கல்லைப் புரட்டி, உள்ளே சாவியை விட்டு எத்தனை சுற்று சுற்றுகிறார் என்று பாருங்கள். ஒரு ஊரில் எங்கள் பணியாளர் மேட்டுத் தெருவுக்கு ஏழு சுற்று, பள்ளத் தெருவுக்கு மூன்று சுற்று என்று கணக்கு வைத்திருந்தார். எழுதிவைத்த கணக்கு கிடையாது, 20 வருடம் திறந்து திறந்து கைக்கு வந்த கணக்கு. அவர் காய்ச்சலில் படுத்த நாலு நாள் ஊரே கலவரம். மேட்டுத் தெருவில் ஒரு குடம் ஏறவில்லை, பள்ளத்தில் சாக்கடையில் ஓடியது. பேவர் பிளாக்குக்கு அடியில் புதைந்துபோன ரெண்டு வால்வு எங்கே இருக்கிறது என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வந்த பிறகு இளநிலைப் பொறியாளரை அவருடன் மூன்று நாள் நடக்கவைத்து எல்லா வால்வையும் ஒரு வரைபடத்தில் குறித்தோம். அதற்குச் செலவு ஒரு சார்ட் பேப்பரும் டீயும்தான். அந்த ஊரில் நான் செய்த உருப்படியான வேலைகளில் அதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் ஊரில் அந்த வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்தப் பணியாளர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் கடைசித் தெருவுக்குப் போங்கள். குழாய்த் தண்ணீர் உண்டு, பாதாளச் சாக்கடை இல்லை என்கிற ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு சொன்ன அளவு, குறைந்தபட்சக் கணக்காக அதையே வைத்துக்கொள்ளுங்கள். 12,000 பேருக்கு 8,40,000 லிட்டர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எவ்வளவு வருகிறது, உள்ளூர் போர்வெல்லில் எவ்வளவு ஏறுகிறது என்று பம்ப் ஹவுஸ் பதிவேட்டைப் பார்த்துக் கூட்டுங்கள். பல ஊர்களில் மொத்தத் தண்ணீர் ஏறத்தாழப் போதுமான அளவு வருகிறது, போய்ச் சேர்வதில்தான் கோளாறு. முதல் தெருக்களில் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சிவிடுவார்கள், கடைசித் தெருப் பெண்கள் சொட்டுத் தண்ணீருக்குக் குடத்தை வரிசை போட்டு நிற்பார்கள். உறிஞ்சுகிறவர்களில் ரெண்டு பேர் உங்களுக்கு ஓட்டுப் போட்டவராக, சொந்தக்காரராகக்கூட இருப்பார். அந்த மோட்டாரைக் கழற்ற மன்றம் முதல் ஆறு மாதத்தில் துணியவில்லை என்றால் பிறகு ஐந்து வருடமும் துணியாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசித் தெருக் குழாயிலேயே குளோரினும் பாருங்கள். குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி அலுவலகத்தில் இருக்கும், தண்ணீரில் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், நிறத்தை வைத்து அளவு சொல்லலாம். குழாயின் கடைக்கோடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டியடியில் சோதித்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று பதிவேட்டில் எழுதுவது பல இடத்தில் வழக்கம். அது போதாது, குழாயில் எங்காவது ஓட்டை இருந்து சாக்கடை கலந்தால் கடைசி வீட்டில்தான் தெரியும். பிளீச்சிங் பவுடர் மூட்டையை வாய் திறந்து ஈரத் தரையில் போட்டிருந்தால் அதில் வீரியம் போய்விடும், அள்ளி அள்ளிப் போட்டாலும் பிரயோசனம் இல்லை. இது யாரையும் குறை சொல்ல அல்ல, ஒரு மரப்பலகையும் மூடி போட்ட டிரம்மும் வாங்கிக்கொடுத்தால் தீர்கிற விஷயம்.

அடுத்தது வரி. கசப்பான விஷயம், அதனாலேயே முதல் வருடத்தில் செய்ய வேண்டியது. 2022 ஏப்ரலில் சொத்து வரி சீராய்வு வந்தபோது 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. மக்களுக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதனால் விகிதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். விட்டுப்போனதைப் பிடியுங்கள். மாடி கட்டி மூணு வருடம் ஆகியும் தரைத்தள வரி கட்டுகிற வீடு, வீட்டுக் கணக்கில் ஓடுகிற கடை, கணக்கிலேயே இல்லாத குடிநீர் இணைப்பு, பழைய வாடகைக்கே போய்க்கொண்டிருக்கும் பஸ் ஸ்டாண்ட் கடைகள், தொழில் வரியே தெரியாத தனியார் பள்ளி இவை எல்லா ஊரிலும் உண்டு. அலுவலகத்தில் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும், யார் எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி என்பது அதில் இருக்கும். அதை வார்டு வாரியாகக் கேட்டு வாங்குங்கள். எந்த வார்டில் நிலுவை அதிகம் என்று பார்த்தால் ஒரு உண்மை தெரியும்: குடிசைப் பகுதியில் நிலுவை கொஞ்சம்தான், கடைவீதியில்தான் அதிகம். நான் இருந்த எல்லா ஊரிலும் அப்படித்தான் இருந்தது.

உங்கள் வீட்டு வரியை முதலில் கட்டிவிடுங்கள். பேரூராட்சிக்குப் பாக்கி வைத்திருந்தால் பதவிக்கே சிக்கல் வரச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது ஒரு பக்கம், பாக்கி வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் கேட்க வாய் வராது என்பது இன்னொரு பக்கம். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது. உங்கள் வார்டில் வீடு வீடாகச் சொல்லுங்கள், பில் கலெக்டர் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் எடுபடும்.

குப்பைக்கு வருகிறேன். ஆளுக்குக் கால் கிலோ என்று வைத்தாலும் 12,000 பேர் ஊரில் தினமும் 3 டன். அதில் பாதிக்கு மேல் மக்குகிற குப்பை. அதை வீட்டிலேயே பிரித்து வாங்கிவிட்டால் மிச்சம் சமாளிக்கக்கூடியதுதான், பிரிக்காமல் வாங்கினால் எத்தனை வண்டி வாங்கினாலும் போதாது. பிரித்துத்தான் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தெளிவாக இருந்தது. உங்கள் ஊரிலும் வளமீட்புப் பூங்கா என்று பலகை மாட்டிய இடம் ஒன்று இருக்கும், குப்பையைப் பிரித்து உரமாக்குகிற இடம் அது. ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். உரத் தொட்டிகள் நிரம்பி வெந்துகொண்டிருக்கின்றனவா, அல்லது பின்பக்கச் சுவர் ஓரம் எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கிறதா என்று பார்த்தாலே ஊரில் பிரித்து வாங்குகிறார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒரு ஊரில் நான் பொறுப்பேற்ற அன்று ஷெட்டில் 8 பேட்டரி வண்டிகள் வரிசையாக நின்றன, பார்க்கப் புதிதாக இருந்தன. எதுவும் ஓடவில்லை. பேட்டரி போய்விட்டது, மாற்ற அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது, பொது நிதியில் எடுக்க யாரும் மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வைக்கவில்லை. தூய்மைப் பணியாளர்கள் பழைய தள்ளுவண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒரு அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். பேட்டரி மாற்ற மொத்தம் ஆன செலவு ஒரு சிறுபாலத்தின் மதிப்பீட்டில் பாதிகூட இல்லை. கட்டக் காசு வரும், ஓட்டக் காசு வராது என்று மேலே சொன்னது இதைத்தான்.

அந்தப் பணியாளர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலும் ஒப்பந்தம் மூலமாகவோ சுய உதவிக் குழு மூலமாகவோதான் ஆள் வருகிறார்கள். மாதம் எந்தத் தேதியில் கையில் சம்பளம் வருகிறது, மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி முழுசாக வருகிறதா, பி.எஃப். பிடித்தால் அது உண்மையில் கணக்கில் ஏறுகிறதா என்று அவர்களையே கேளுங்கள், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்காதபோது கேளுங்கள். காலையில் ஒரு தெருவுக்குக் குப்பை வண்டி வரவில்லை என்று உங்களுக்கு போன் வந்தால் உடனே அவர்களைத் திட்டக் கிளம்பாதீர்கள். பத்தில் எட்டுத் தடவை காரணம் வேறு எங்கோ இருக்கும்.

யாரும் பேசாத ஒன்று செப்டிக் டேங்க். நம் பேரூராட்சிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு தொட்டிதான். அதை உறிஞ்சி எடுத்துப் போகிற லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஏரிக்கரை, ஓடை, பாழுங்கிணறு என்றுதான் பதில் வரும், நம் போர்வெல் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி ஒரு பேரூராட்சிதான், தமிழ்நாட்டில் முதலில் கசடு (செப்டிக் டேங்க் கழிவு) சுத்திகரிப்பு நிலையம் கண்ட ஊர்களில் ஒன்று அது. மதுராந்தகம் கசடும் அங்கேதான் போகிறது. கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது, அதில் நரசிம்மநாயக்கன்பாளையமும் சேர்ந்துகொண்டது. அதாவது தனியாகக் கட்ட வேண்டும் என்றில்லை, பக்கத்து நகராட்சியில் நிலையம் இருந்தால் உங்கள் ஊர் லாரிகள் அங்கே கொட்ட ஏற்பாடு செய்து, உரிமம் இல்லாத லாரியை ஊருக்குள் விடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு முறை அந்த நிலையத்துக்கு மன்றத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பஸ் செலவுதான்.

செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றம். அப்படி இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. பணத்தை விடுங்கள், ஒரு உயிர். உங்கள் வார்டில் யாராவது 'ஒரு ஆளை இறக்கி அடைப்பை எடுத்துவிடலாம்' என்று சொன்னால் அந்த இடத்திலேயே நின்று தடுங்கள். ஓட்டு போனாலும் பரவாயில்லை.

வடிகால், சாலை பற்றிச் சுருக்கமாக. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், தூர் வாருவது ஆகஸ்ட், செப்டம்பரில் முடிய வேண்டும். வாரிய மண்ணைக் கால்வாய் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் திரும்ப உள்ளே போகும், அன்றைக்கே அள்ளச் சொல்லுங்கள். சாலையை மேலே மேலே போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிப்போன தெரு உங்கள் ஊரிலும் இருக்கும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். மதிப்பீட்டில் சுரண்டுகிற வேலை சேர்ந்திருக்கிறதா என்று தீர்மானம் போடும் முன்பே பாருங்கள், வேலை தொடங்கிய பிறகு கேட்டால் ஒப்பந்ததாரர் மதிப்பீட்டைத்தான் காட்டுவார். அதேபோல் குடிநீர்க் குழாய் மாற்ற வேண்டிய தெருவில் அது முடியாமல் பேவர் பிளாக் போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தெருநாய், தெருவிளக்கு, வாரச்சந்தை இதெல்லாம் வரும். தெருவிளக்குக்கு ஒரு புகார் நோட்டும் இத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்ற கணக்கும் போதும். நாய்க்குக் கருத்தடைதான் வழி, சின்ன ஊர் தனியாக மையம் நடத்த முடியாது, பக்கத்து நகராட்சியோடு பேச வேண்டும்.

இனி மன்றக் கூட்டம். அஜெண்டா கையில் வந்ததும் படியுங்கள், புரியாத பொருளுக்குக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 30 பொருளை 10 நிமிடத்தில் 'நிறைவேற்றப்பட்டது' என்று முடிக்கிற கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தச் செலவுக்கு நீங்களும் பொறுப்பு. ஆட்சேபம் இருந்தால் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பழைய ஆட்கள் 1920ஆம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவுகளையே இன்னும் சொல்வார்கள். இப்போது நடப்பது 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான 2023 விதிகளும். தமிழில் கிடைக்கிற பகுதியையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயல் அலுவலரோடு சண்டை போட்டுக்கொண்டே எதையும் நடத்த முடியாது, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாலும் நடத்த முடியாது. கேள்வியை எழுத்தில் கேட்கிற கவுன்சிலருக்கு நானே மரியாதை கொடுத்துத் தயாராகப் போயிருக்கிறேன்.

நீங்கள் பெண் என்றால், அல்லது உங்கள் மன்றத்தில் பெண்கள் இருந்தால் (பாதி இடம் பெண்களுக்கு, நிச்சயம் இருப்பார்கள்) ஒன்று சொல்கிறேன். கணவர் வந்து கோப்பைப் பார்ப்பது, கணவர் நம்பருக்கே போன் போவது இன்னும் நடக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் எட்டாவது வரை படித்த ஒரு கவுன்சிலரம்மா, முதல் மூன்று கூட்டம் வாய் திறக்கவில்லை. நாலாவது கூட்டத்தில் தன் வார்டுப் பொதுக்குழாயில் எந்தெந்தத் தேதியில் எத்தனை நிமிடம் தண்ணீர் வந்தது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். 40 நாள் கணக்கு. எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரமே அந்த லைனுக்குத் தனி வால்வு போட்டோம்.

பூங்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, குழந்தைகளுக்கு விளையாட இடம் வேண்டும்தான். ஆனால் உங்கள் ஊரில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிற பூங்கா ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அநேகமாக இருக்கும். அதற்கு ஒரு காவலாளி, செடிக்குத் தண்ணீர், உடைந்த ஊஞ்சலுக்கு வெல்டிங் ஆகிய மூன்றுக்கும் வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி, மார்ச் மாத பட்ஜெட் கூட்டத்தில் தனித் தலைப்பாக வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை ஒரு வருடம் விடாமல் உங்கள் மன்றத்தால் கொடுக்க முடிந்தால், மூன்றாவது வருடம் ரெண்டாவது பூங்காவுக்கு மனு எழுதுங்கள்.